வளைவில் வண்டி வெளியே தள்ளுகிறதா? ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன். 2022 கடைசியில் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி பிளஸ் வாங்கினேன். இதுவரை 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் ஆபீஸ் போய்வர இதே வண்டிதான். மாதம் ஒரு முறையாவது குடும்பத்தோடு வால்பாறை அல்லது ஊட்டி போவோம். இன்ஜினில் குறையே இல்லை. ஆனால் வாங்கிய புதிதில் திரும்பியதுபோல இப்போது கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்த பிறகும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. வண்டி சாய்வதைப் பார்த்துப் பின்சீட்டில் அம்மா பயப்படுகிறார். பைபாஸில் 100-ல் போகும்போது பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று முறை துள்ளுகிறது. ஒரு கடையில் கேட்டேன். 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங், 17 இன்ச் அலாய், முன்னால் ஸ்ட்ரட் பார், மூன்றும் போட்டால் ரேஸ் கார் மாதிரி ரோட்டில் ஒட்டும் என்கிறார்கள். ஒன்றரை லட்சம் வரை செலவு செய்யத் தயார். போடலாமா? டயர் கம்பெனியில் வந்ததுதான். சர்வீஸில் ‘இன்னும் ஓடும்’ என்று சொல்லிவிட்டார்கள்.

– கோவை வாசகர்

பதில்: மூன்றும் வேண்டாம். புதிதில் இதே வண்டி இதே வளைவுகளில் நன்றாகத் திரும்பியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் குறை வடிவமைப்பில் இல்லை. ஓடிய ஓட்டத்தில் சில பாகங்கள் தேய்ந்திருக்கின்றன. தேய்ந்ததை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் புதுச் சாமான் ஏற்றினால் காசும் போகும், வண்டியும் கெடும். முதலில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் அடுத்ததை யோசிக்கலாம்.

முதல் சந்தேகம் டயர் மேல்தான். 52,000 கிலோமீட்டர், மூன்று கோடைக்கு மேல் தார் ரோட்டு வெயில். ‘இன்னும் ஓடும்’ என்று சர்வீஸில் சொன்னது பொய்யில்லை, டயர் ஓடும்தான். ஆனால் ரோட்டைப் பிடிக்குமா? உங்கள் வண்டியின் டயர் அளவு 205/55 ஆர்16. புதிதில் பட்டன் பள்ளம் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று பொருள். அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மி.மீ.க்குக் கீழே போனதுமே மழைத் தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நீங்கள் போகும் வால்பாறையை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆழியாறிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் பருவமழைக் காலத்தில் தண்ணீர் வழிந்துகொண்டேதான் இருக்கும்.

பள்ளம் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். கட்டை விரல் நகத்தால் உங்கள் டயரின் பட்டனை அழுத்திப் பாருங்கள். அடுத்து ஒரு டயர் கடைக்குப் போய் அதே அளவில் புது டயரை அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும். வண்டிக்கும் ரோட்டுக்கும் உள்ள உறவெல்லாம் ஒரு சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஸ்பிரிங், ஷாக், பார் என்று மற்ற எல்லாமே அந்த ரப்பரைத் தரையில் மட்டமாக அழுத்தி வைத்திருக்கும் வேலையைத்தான் செய்கின்றன. ரப்பரே கட்டையாகிவிட்டால் மற்றவை என்ன செய்ய முடியும்?

நான்கு டயரையும் ஒன்றாக மாற்றுங்கள். அளவு அதே 205/55 ஆர்16, பக்கச்சுவரில் 91வி என்ற குறியீடு இருக்கட்டும். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கு, வி என்பது மணிக்கு 240 கி.மீ. வரையிலான தகுதிக்கு. மிச்செலின் பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டல் அல்ட்ரா கான்டாக்ட் வரிசை போன்றவை ஈரத்திலும் நம்பலாம், தினசரி ஓட்டத்துக்கும் சத்தம் குறைவு. ட்ரெட்வேர் என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். எண் கூடக் கூட டயர் அதிகத் தூரம் உழைக்கும், பொதுவாகப் பிடிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் அந்த எண்ணைத் தருவது டயர் கம்பெனியேதான். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வாங்கும்போது டிஓடி என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 3522 என்றிருந்தால் 2022-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் தலையில் கட்டுவார்கள். மறுத்துவிடுங்கள்.

பின்னாளில் எப்போதாவது இரண்டு டயர் மட்டும் மாற்ற நேர்ந்தால் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால்தானே போட வேண்டும் என்று கடைக்காரர் வாதாடுவார். கேட்காதீர்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீண்டுவிடலாம். பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றால் சாதாரண ஓட்டுநர் மீள்வது கடினம்.

காற்று விஷயத்தில் நிறையப் பேர் அலட்சியம். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுதான் சரி. இரண்டு பேருக்கு ஓர் அளவு, முழு லோடுக்கு ஓர் அளவு. காலையில் வண்டி எடுக்கும் முன் குளிர்ந்த டயரில் பிடியுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். 33 டிகிரியில் சரியாகப் பிடித்த காற்று, 13 டிகிரிக் குளிரில் மூன்று பிஎஸ்ஐ வரை குறைந்திருக்கும். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறிய வண்டி அந்தக் குறைந்த காற்றோடு மலை இறங்கினால் முன்டயரின் தோள்பட்டை மடங்கி, நீங்கள் சொல்லும் அதே ‘வெளியே தள்ளல்’ வரும்.

டயரை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, வெளியே தெரியும் முன்டயரின் மேல் உள்ளங்கையைப் படுக்க வைத்து வெளியிலிருந்து உள்பக்கமாகக் குறுக்கே தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போல விளிம்புகள் கையைத் தடுப்பதாகவும் இருந்தால் டோ கோணம் தப்பியிருக்கிறது. சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது. கண்ணுக்கு இந்தத் தேய்மானம் எளிதில் தெரியாது, கைக்குத் தெரியும். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் மொட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய டயர் என்று கழற்றிப் போட்டுவிட்டால் இந்தச் சாட்சியம் போய்விடும்.

அலைன்மென்ட் பார்க்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் காற்று சரிபார்க்கச் சொல்லுங்கள். டிக்கியில் கிடக்கும் மூட்டை முடிச்சுகளை இறக்கிவிடுங்கள். சரிசெய்வதற்கு முன், பின் என இரண்டு அளவுகளையும் பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். உங்கள் வண்டியில் முன்சக்கர டோவை டை ராடில் எளிதாகத் திருத்தலாம். கேம்பர், அதாவது சக்கரம் நிற்கும் சாய்வு, இடது வலது வித்தியாசமாக இருந்தால் சப்ஃபிரேமைத் தளர்த்திச் சற்று நகர்த்திச் சமப்படுத்த வேண்டும்; பெரும்பாலான கடைகள் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். பின்னால் இருப்பது ட்விஸ்ட் பீம். அங்கே திருத்துவதற்குப் போல்ட் எதுவும் கிடையாது. பின்சக்கர அளவு சிவப்பில் வந்தால் பீமோ ஹப்போ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ‘அதைப் பார்த்தாச்சு சார்’ என்று சொல்லி அனுப்பினால் நம்ப வேண்டாம்.

அடுத்து துள்ளல். பாலத்து இணைப்பில் ஏறி இறங்கிய வண்டி ஒரே அசைவில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளுகிறது என்றால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. அது குதிப்பதை அடக்குவது ஷாக்கின் வேலை. எண்ணெய் கசிந்தால்தான் ஷாக் போனது என்று பலர் நினைக்கிறார்கள். கசிவே இல்லாமலும் உள்ளே வால்வு தேய்ந்து பலம் குறையும். நம் ரோட்டில் 50,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக் அந்த நிலைக்கு வந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. பானெட்டைக் கையால் அமுக்கிப் பார்க்கும் சோதனையில் முழுவதும் போன ஷாக் மட்டுமே தெரியும், பாதி போனது தெரியாது. நீங்கள் சொன்ன அந்தப் பாலத்து இணைப்புதான் நல்ல சோதனை.

உங்கள் அம்மாவின் பயத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். உள்ளே இருப்பவரைக் கலங்கடிப்பது வண்டி எவ்வளவு சாய்கிறது என்பதைவிட எவ்வளவு சட்டென்று சாய்கிறது என்பதுதான். ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்த முதல் நொடியில் சாய்வின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஷாக். அது தளர்ந்தால் வண்டி தொப்பென்று ஒரு பக்கம் விழுவதுபோல் இருக்கும். ஷாக்கை மாற்றிய பிறகும் வண்டி கிட்டத்தட்ட அதே அளவுதான் சாயும். ஆனால் நிதானமாகச் சாய்ந்து, அங்கே நின்று, நிதானமாக நிமிரும். பின்சீட்டில் இருப்பவருக்கு அது போதும்.

நான்கு ஷாக்கையும், முன்னால் ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப் ரப்பர், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்; பிரிக்கும் கூலி ஒன்றுதான். வண்டியைத் தூக்கியிருக்கும்போதே லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், டை ராட் எண்ட் நான்கையும் கம்பி போட்டு நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் வெடித்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் சக்கரம் தன் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். அலைன்மென்ட் பத்து முறை பார்த்தாலும் நிற்காது. புஷ்ஷுக்கு கம்பெனி ரப்பரே நல்லது. பாலியூரித்தேன் புஷ் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கூர்மையாக்கும், ஆனால் ஒவ்வொரு குழியையும் இருக்கைக்குக் கொண்டுவரும். தினமும் ஆபீஸ் போய்வந்து, குடும்பத்தையும் ஏற்றும் வண்டிக்கு அது வேண்டாம். இந்த வேலைகள் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். முன்னால் பார்த்தால் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

இனி அந்த ஸ்பிரிங் சமாச்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வண்டிகள் பல இதனால்தான் கெடுகின்றன.

வண்டியை இறக்கினால் எடை மையம் இறங்கும், வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை குறையும். உண்மைதான். எவ்வளவு குறையும்? இதுபோன்ற செடானின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். அதில் மூன்று மூன்றரை சென்டிமீட்டர் இறக்கினால் மாறும் எடை ஆறு சதவீத அளவில் குறையும். அவ்வளவுதான் வரவு. செலவைப் பாருங்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட். சக்கரத்தைக் கீழே பிடித்திருப்பது லோயர் ஆர்ம். கம்பெனி உயரத்தில் அந்தக் கை மட்டத்துக்குப் பக்கமாக நிற்கும்படிதான் கணக்குப் போட்டிருப்பார்கள். 35 மி.மீ. இறக்கியதும் அது சக்கரத்தை நோக்கி மேலே ஏறிவிடும். வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் வண்டியைச் சாய்க்கிறது. அந்தத் தூரம் இப்போது கூடிவிட்டது. சாய்வைக் குறைக்க இறக்கிய வண்டி முன்னைவிட அதிகம் சாயத் துடிக்கும். அதை மறைக்கத்தான் கூடவே மிகக் கடினமான ஸ்பிரிங் கொடுக்கிறார்கள். அது மட்டுமில்லை. கை மேலே ஏறியிருப்பதால் வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் தரையில் மட்டமாக உட்காராமல் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். முன்பக்கம் இன்னும் வெளியே தள்ளும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. சக்கரம் மேலே போவதற்கு இருந்த இடத்தில் 35 மி.மீ. போய்விட்டது. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் மிச்சமும் சுருங்கும். வளைவின் நடுவில், ஏற்கெனவே அமுங்கியிருக்கும் வெளிச்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் அங்கே ஸ்பிரிங்கே இல்லாததுபோல் ஆகிவிடும். டயர் தரையைவிட்டு எகிறும். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தார் சமமாக இருக்கும், அங்கே தாழ்ந்த, கடினமான வண்டி வேகமாகப் போகும். ஒட்டுப்போட்ட மலைச்சாலையில் சக்கரம் ஏறி இறங்க இடம் இருக்கும் வண்டிக்குத்தான் பிடிப்பு அதிகம். விர்டஸுக்கு 179 மி.மீ. தரை இடைவெளி வைத்தது நம் ரோட்டைப் பார்த்துத்தான். இதே அடித்தளத்தில் வரும் ஸ்கோடா ஸ்லாவியாவுக்கும் இதே பதில்.

17 இன்ச் அலாயில் 225/45 போட்டால் மொத்த விட்டம் பெரிதாக மாறாது, ஆனால் பக்கச்சுவர் 113 மி.மீ.யிலிருந்து 101 ஆகிவிடும். ஸ்டீயரிங் கொஞ்சம் சுருக்கென்று பேசும். ஒரு நல்ல குழி ரிம்மை வளைத்துவிடும். அதே பணத்தில் 16 இன்ச்சுக்கே உயர்தர டயர் போட்டால் பிடிப்பு அதிகம் கிடைக்கும். ஸ்ட்ரட் பார் தினசரி ஓட்டத்தில் உணரக்கூடிய மாற்றம் எதையும் தராது. இப்போதைய பாடி அந்த அளவு உறுதியாகவே வருகிறது.

டயர், ஷாக், புஷ், அலைன்மென்ட் முடித்து இரண்டு மாதம் ஓட்டியும் இன்னும் கொஞ்சம் கூர்மை வேண்டும் என்று தோன்றினால் ஒரே ஒரு வழிதான் சொல்வேன்: கம்பெனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு அதைவிடத் தரமான ஷாக். பில்ஸ்டைன் பி6 என்ற வகை இப்படிக் கம்பெனி உயரத்துக்கென்றே செய்யப்படுவது. பி8 இறக்கிய வண்டிக்கு. உங்கள் வண்டிக்கென்று பாக எண் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டுப் போலோவும் இதே குடும்பம்தான் என்று அதன் சாமானை ஆர்டர் போட வேண்டாம், இந்திய வண்டியின் உயரம் வேறு. பின்பக்கம் கூடுதல் ஆன்ட்டி ரோல் பார் போட்டால் முன்பக்கம் தள்ளுவது குறையும் என்பது உண்மை. ஆனால் மழையில், இறக்கத்தில், வளைவின் நடுவே ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வெளியே வரத் தயாராகிவிடும். வால்பாறைக்குக் குடும்பத்தோடு போகும் வண்டியில் அதைப் போட நான் சொல்ல மாட்டேன்.

ஓட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வளைவில் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 30-ல் திரும்பிய வளைவில் 36-ல் போனால் டயர் மேல் 44 சதவீதம் அதிகச் சுமை. எந்த ஷாக்கும் எந்த டயரும் அதை ஈடுகட்டாது. 150 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு வளைவுக்கு நடுவிலேயே வேகத்தை ஏற்றிவிடுகிறது, அது உறைப்பதில்லை. நேராக இருக்கும்போதே பெரும்பகுதி பிரேக்கை முடித்துவிடுங்கள். ஸ்டீயரிங் திருப்பத் தொடங்கும்போது மிச்ச பிரேக்கை மெல்ல விடுங்கள். எடை முன்சக்கரத்தில் இருக்கும்போது அது நன்றாகக் கடிக்கும். வெளியே போகும் வழி கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஆக்சிலேட்டர். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில், திரும்பவும் இழுக்கவும் ஒரே டயரைக் கேட்டால் அது இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும். கரி ஸ்பீட்வேயில் ட்ராக் டே நடக்கும்போது ஒரு நாள் பயிற்சியாளரோடு ஓட்டிப் பாருங்கள். அந்தச் செலவு ஸ்ட்ரட் பாரைவிட எவ்வளவோ மேல்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாகத் திருத்துவது செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஸ்பிரிங் இறக்கிய வண்டி விபத்துக்குள்ளானால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான். கம்பெனி அளவு டயருக்கும் கம்பெனி ஷாக்குக்கும் இந்தத் தொல்லை இல்லை.

புது டயர் போட்டதும் நேராக வால்பாறைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அச்சிலிருந்து எளிதாக எடுப்பதற்காகப் பூசிய வழுவழுப்பு அதன் மேல் ஒட்டியிருக்கும். முதல் 300 கிலோமீட்டராவது ஊருக்குள் நிதானமாக ஓட்டிவிட்டு, பிறகு மலை ஏறுங்கள்.